காவல் நிலையக் கேமராவுக்கு இருட்டில் கண் தெரியுமா?

புது தில்லி: காவல் நிலையங்களில் பொருத்தப்படும் கண்காணிப்பு கேமராக்கள் இரவிலும் படம்பிடிக்கக் கூடியவையாக இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உத்தரவிட்டது. பரம்வீர் சிங் சைனி வழக்கில், நீதிபதி ஆர்.எஃப். நாரிமன் தலைமையிலான அமர்வு ஒலிப்பதிவையும் கட்டாயமாக்கியது. பதிவுகளை 18 மாதங்கள், இயலாவிடில் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்றும் கூறியது.

எந்தக் கேமராவை வாங்குவது என்பதில்தான் சிக்கல். விலை குறைந்தவை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி இருட்டில் படமெடுக்கின்றன. படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். சட்டையின் நிறமோ, ரத்தக் கறையின் சிவப்போ தெரியாது. சிறிய லாக்-அப் அறையில் சுவரிலும் கம்பியிலும் பட்டுத் திரும்பும் ஒளி, முகத்தை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடுவதும் உண்டு. பெரிய சென்சாரும் அகன்ற லென்ஸ் திறப்பும் கொண்ட கேமராக்கள் மங்கிய வெளிச்சத்திலும் வண்ணத்தில் பதியும், விலைதான் அதிகம். இரவு முழுவதும் ஒரு விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாலே பாதிக் குறை தீரும் என்பது வேறு விஷயம்.

இருட்டில் படத்தில் தோன்றும் புள்ளிகள் பதிவின் அளவையும் பெருக்குகின்றன. இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் 18 மாதங்களுக்கு முன்பே ஹார்டு டிஸ்க் நிரம்பி, பழைய பதிவுகள் அழியும்.

நல்ல கேமரா மட்டும் போதாது என்பதற்குச் சாத்தான்குளமே சான்று. அங்கு 2020 ஜூனில் காவலில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். ஹார்டு டிஸ்கில் இடமிருந்தும், பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணை நடத்திய மாஜிஸ்திரேட் தனது அறிக்கையில் குறிப்பிட்டார்.

ராஜஸ்தான் காவல் மரணங்கள் பற்றிய நாளிதழ்ச் செய்தியை அடுத்து, செயல்படாத கேமராக்கள் குறித்து 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.