வாழ்ந்ததற்குச் சான்று

ஒரு நாட்டின் குடியுரிமை மனிதனுக்கு இரு வழிகளில் வந்தடைகின்றது. பிறப்பினால் வருவது ஒன்று. வேண்டிப் பெறுவது மற்றொன்று. பிறப்பினால் வரும் உரிமைக்கு நாம் யாதொரு முயற்சியும் செய்வதில்லை. தாய்மொழி போல அது நம்முடன் வருகின்றது. வேண்டிப் பெறும் உரிமையோ அத்தகையதன்று. வந்து நிற்பவனை நோக்கி நாடு ஒரு வினாவை எழுப்புகின்றது. "இம்மண்ணில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாய்? அதற்குச் சான்று யாது?" என்பதே அவ்வினா.

கேட்பதற்கு இஃது எளிய வினாவே. ஆயினும், மாணவர்களே, இதனைச் சற்று உங்கள்மேல் ஏற்றிப் பாருங்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள்? "என் வீட்டில் இருந்தேன்; ஊரே அறியும்" என்பீர்கள். ஊர் அறிந்தது உண்மை. ஆனால் உங்களை அறியாத ஓர் அதிகாரிக்கு அதனை ஏட்டைக் கொண்டு மெய்ப்பியுங்கள் என்றால், நம்மிற் பலர் திகைத்தே நிற்போம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. குடியுரிமை வழங்கும் அலுவலகத்தில் அப்பழமொழி தலைகீழாகின்றது. அங்கே கொல்லையில் காய்த்த சுரைக்காய் உதவாது. ஏட்டில் எழுதிய சுரைக்காயே உதவும்.

ஒரு நாட்டில் வசித்தல் என்று சட்டம் கூறுவதில் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. உடலால் அங்கே இருத்தல் முதற் கூறு. இடையறாது இருத்தல் இரண்டாவது. அங்கேயே நிலைத்து வாழ்வோம் என்னும் கருத்து மூன்றாவது. முதல் இரண்டையும் நாட்காட்டியைக் கொண்டு அளக்கலாம். மூன்றாவது மனத்தின்கண் உள்ளது; ஒருவருடைய செயல்களைக் கொண்டு ஊகித்தே அறிய வேண்டுவது. எல்லா நாடுகளும் இம்மூன்றையும் ஒரே அளவில் கேட்பதில்லை. தமிழர் பலர் குடியேறியுள்ள கனடா நாட்டில் இன்றுள்ள சட்டம், விண்ணப்பத்திற்கு முந்திய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்கின்றது. பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை, வருமானவரிக் கணக்கு, வீட்டு வாடகை ரசீது, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு ஆகியவை அங்கே ஒருவர் பெயரில் தாமாகவே சேர்ந்து வருகின்றன. ஆதலின் கணக்கைக் காட்டுதல் பெரும்பாலோர்க்கு அரிதன்று.

ஏடுகள் யாவும் பிறர் கையில் இருந்த ஒரு மக்கட்கூட்டத்தினிடம் இதே வினாவைக் கேட்டால் என்ன நிகழும்? இதனை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கடல் கடந்து சென்றவர்களின் வரலாறே இதற்குச் சான்று பகரும்.

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. ஏரிகளையும் கண்மாய்களையும் நம்பி உழவு நடக்கும் நாடு. மழை பொய்த்த ஆண்டுகளில், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதி மக்களைப் போலவே இவ்வூர்களின் மக்களும் இலங்கையின் மலைத்தோட்டங்களை நோக்கிப் புறப்பட்டனர். முதலில் காப்பித் தோட்டம். அது நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டம். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினான். 1904-ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பெற்றது. அதற்குச் சற்று முன், 1901-இல் 'டின் டிக்கெட்டு' முறை வந்தது. தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த ஒரு தகரத் துண்டு அது. கடல் கடந்த ஏழைக்கு முதன்முதல் கிடைத்த அடையாளச் சான்று அத்தகரமே எனலாம். அஃது எந்தத் தோட்டத்திற்கு உரிய ஆள் என்று கூறிற்று. அவன் யார் என்று கூறவில்லை.

இலங்கை 1948 பிப்ரவரி 4-ஆம் நாள் விடுதலை பெற்றது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் அதே ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் இந்திய யூனியனில் இணைந்தது. ஒரே மாத காலத்திற்குள், புறப்பட்ட ஊரும் சென்று சேர்ந்த நாடும் நிலை மாறின. மலைநாட்டில் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தவரோ எந்நாட்டின் குடிகள் என்பது தெளிவாகவில்லை. அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவராயினும் தந்தையும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது. இதனைக் காட்ட இயலாதார்க்கென 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம் பிறந்தது. இந்திய, பாகிஸ்தானிய வாசிகளின் குடியுரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். பிரஜாவுரிமை என்று அக்காலத்தார் வழங்கியது இதனையே. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து சென்றோர்க்கேயன்றி, சமஸ்தானங்களிலிருந்து சென்றோர்க்கும் இச்சட்டம் பொருந்திற்று. ஆகவே புதுக்கோட்டை மக்களும் இதன்கீழ் விண்ணப்பிக்கலாயினர்.

அச்சட்டம் கேட்ட கணக்கைக் காண்போம். 1946 ஜனவரி 1-ஆம் நாளுக்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வசித்திருத்தல் வேண்டும். அந்நாள் முதல் விண்ணப்பிக்கும் நாள் வரையிலும் தொடர்ந்து வசித்திருத்தல் வேண்டும். ஒரு முறை வெளியே சென்றால் 12 மாதத்திற்குள் திரும்பியிருத்தல் வேண்டும். 1951 ஆகஸ்டு 5-ஆம் நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அவ்வாண்டில் விண்ணப்பித்த மணமானவர் ஒருவர், 1939 முதல் 12 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்வை ஏட்டைக் கொண்டு காட்ட வேண்டும். மணமாகாதவராயின் 1936 முதல் 15 ஆண்டுகளுக்கு மேல். இவற்றோடு மனைவி மக்களின் வசிப்பும், பிழைப்புக்குப் போதிய வருவாயும் ஆராயப்பெற்றன.

தோட்டத்துத் தொழிலாளியிடம் இருந்த ஏடுகள் யாவை? அவர் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் உண்டு. அந்த ஏடு துரையின் அலுவலகத்தில் இருந்தது. காலைப் பிரட்டில் அவர் நின்றார், கணக்கிட்டவர் கணக்கப்பிள்ளை. ஒரு தோட்டத்தை விட்டு நீங்கும்போது தரப்பெறும் பத்துச்சீட்டு மட்டுமே அவர் கைக்கு வந்தது. அதுவும் அடுத்த தோட்டத்தில் வேலைக்குச் சேருங்கால் காட்ட வேண்டியதாயிற்று. மூன்று தோட்டங்களில் உழைத்தவர் மூன்று அலுவலகங்களை நாடிச் சென்றாலன்றித் தம் வாழ்வை ஒன்றுகூட்ட இயலாது. லயத்தின் ஓர் அறையில் வாழ்ந்தவரிடம் வாடகை ரசீது ஏது? நிலப்பட்டா ஏது?

பெயரும் ஒரு தடையாயிற்று. நம் மரபில் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாகின்றது. ஓர் ஏட்டில் 'கறுப்பையா' என்றிருப்பவர் மற்றோர் ஏட்டில் 'கறுப்பன்' ஆவார். தமிழறியாதார் எழுதிய ஏட்டிலோ அப்பெயர் மேலும் திரிந்து நிற்கும். மூவரும் ஒருவரே என்பது லயத்தில் உள்ள குழந்தைக்கும் தெரியும். அதிகாரியின் மேசைமீது அம்மூவரும் வெவ்வேறு ஆட்களே. ஐயத்தை நீக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவரைச் சார்ந்தது.

மூன்றாவது கூறாகிய நிலைத்து வாழும் கருத்து இன்னும் நுட்பமான தொல்லை. நார்த்தாமலைப் பங்குனித் திருவிழாவிற்கு ஒருவர் ஊர் வந்தார். பெற்ற தாய்க்கு மாதந்தோறும் பணம் அனுப்பினார். தம்பியின் பெயரால் அரைக்காணி நிலம் வாங்கினார். இவையாவும் நன்மகனுக்கு உரிய செயல்கள் அன்றோ? ஆயினும், "இவர் உள்ளம் இந்தியாவில் உள்ளது" என்று கூறுவார்க்கு இவையே கருவிகளாயின. வேரை மறவாதவன் கிளையில் உரிமை இழந்தான்.

இச்சட்டத்தை முதலில் புறக்கணித்த இலங்கை இந்தியன் காங்கிரஸ், கெடு முடியும் தறுவாயில் தன் நிலையை மாற்றிக் கொண்டது. பெரும்பாலான விண்ணப்பங்கள் இறுதி மாதங்களிலேயே குவிந்தன. அவை ஏறக்குறைய 8 லட்சத்து 24 ஆயிரம் பேரைக் குறித்தன. விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. முடிவில் உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். அதாவது, ஆறில் ஒருவர். தள்ளப்பட்டமைக்குக் காரணங்கள் பல. ஏடின்மையும் ஏடுகள் ஒவ்வாமையும் அவற்றுள் முதன்மையானவை.

எஞ்சியோர் இந்தியக் குடிகளாகவும் பதிவு பெறாமல் நாடற்றோராய் நின்றனர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்து கொண்டன. இந்தியாவை வேண்டியவர்க்குக் கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வழங்கிற்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர், தாம் ஒருபோதும் கண்டிராத 'சொந்த ஊருக்கு' வந்து சேர்ந்தனர். எல்லோரும் வந்து சேரவுமில்லை. 1984-இல் கப்பல் நின்றது.

ஒரே வாழ்வை வேறு வகையிலும் சட்டம் அளக்கக்கூடும் என்பதற்கு இலங்கையே பின்னர் எடுத்துக்காட்டாயிற்று. 2003-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை உண்டு என்றது. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகளின் உயர் ஆணையர் அலுவலகத்தின் துணையுடன் நடைபெற்ற இயக்கத்தில், பத்தே நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் உரிமை பெற்றனர். அரை நூற்றாண்டாக அவிழாத முடிச்சு பத்து நாளில் அவிழ்ந்தது. மக்கள் மாறவில்லை, அவர்தம் ஏடுகளும் பெருகிவிடவில்லை. ஒவ்வொரு நாளையும் எண்ணிக் காட்டுமாறு கேட்ட சட்டம், வாழ்ந்தவரின் வாய்மொழிக்கும் மதிப்பளிக்க முன்வந்தது, அவ்வளவே.

இனி, புதுக்கோட்டைக்கே திரும்புவோம். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் படகேறி வந்தோர்க்காக இம்மாவட்டத்தில் லேணா விளக்கு, அழியாநிலை, தோப்புக்கொல்லை ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோருள் மலைநாட்டுத் தமிழரும் உளர். அவர்தம் பாட்டன்மார் புறப்பட்டுச் சென்றது இப்பக்கத்து ஊர்களிலிருந்தே. இலங்கையில் அவர்களுக்கு வாழ்வு இருந்தது, ஏடு இல்லை. இங்கேயோ ஏட்டிற்குக் குறைவேயில்லை. முகாம்ப் பதிவேடு, மாத உதவித்தொகைக் கணக்கு, தணிக்கை நாளின் கையொப்பம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று நாள்தோறும் வாழ்ந்ததற்குச் சான்று உண்டு. ஆனால் இந்தியக் குடியுரிமைச் சட்டம், உரிய பயண ஏடின்றி நாட்டினுள் நுழைந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று 2003-ஆம் ஆண்டின் திருத்தத்தால் வகுத்தது. அத்தகையவர் பதிவு முறையினாலோ, 12 ஆண்டு வசிப்பைக் காட்டிப் பெறும் இயல்புரிமை முறையினாலோ குடியுரிமை கோர இயலாது. நுழைந்த நாளின் ஒரு குறை, அதன்பின் வாழ்ந்த நாற்பது ஆண்டுகளையும் எண்ணாமற் செய்துவிடுகின்றது.

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது சட்டம். ஆகவே முகாமில் பிறந்த ஒருவர்க்கு, ஒரு பிறப்புச் சான்றிதழின் தேதி வாழ்வையே மாற்றிவிடும். 2019-இல் 65 பேர் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களது கோரிக்கையை ஆராய்ந்து முடிவு கூறுமாறு மத்திய அரசைப் பணித்தது. 2025-இல், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, பயண ஏடின்மைக்கான தண்டனையினின்று விலக்கு அளிக்கப்பெற்றது. அது பெரும் ஆறுதலே. எனினும் குடியுரிமை அன்று.

இவ்வரலாற்றிலிருந்து மாணவர்கள் அறிய வேண்டுவன இரண்டு. உங்கள் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர் ஒரே எழுத்தில் அமைந்துள்ளதா என்று இன்றே பாருங்கள். உங்கள் ஊரில் கடல் கடந்து சென்று மீண்ட குடும்பம் இருப்பின், அவ்வீட்டுப் பெரியவரின் பழைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் பேணச் செய்யுங்கள். வரலாற்றுக்கும் அவை ஆவணங்கள். இது முதலாவது. நாளை நீங்களே ஓர் அலுவலகத்தில் மேசைக்கு அப்பால் அமரக்கூடும். அப்பொழுது ஏடின்றி ஒருவர் எதிரே வந்து நிற்பார். அவரிடம் சான்று இல்லை என்பதனால், அவர் வாழவே இல்லை என்று ஆகிவிடாது. அந்த ஏட்டை எழுதும் பொறுப்பும் காக்கும் பொறுப்பும் யாரிடம் இருந்தன என்பதையும் கேட்டறிந்த பின்னரே பேனாவை எடுத்தல் வேண்டும். இஃது இரண்டாவது.