வெறுவயிறா, சாப்பிட்ட பிறகா? மார்பகப் புற்றுநோய்க் குளிசைகளும் நோன்பும்

ரமழானுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஆலையடிவேம்பில் நான் வேலை செய்யும் பாமசிக்கு ஒரு ராத்தா வந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர். கையில் இரண்டு குளிசைப் பெட்டிகள்.

"தம்பி, ரெண்டையும் ஒண்டாப் போடலாமா? வெறுவயித்தில போட்டா குடல் எரியும் எண்டு வீட்ட சொல்றாங்க. நோன்பும் வருது, புடிக்கலாமா?"

பெட்டிகளைப் பார்த்தேன். ஒன்று லபாட்டினிப், மற்றது கெபசிட்டபின். மூன்று கிழமையாக இரண்டையும் பகல் சோற்றோடு சேர்த்தே போட்டு வந்திருக்கிறார். விசாரிக்க விசாரிக்க இன்னொன்றும் வெளியே வந்தது. நாளுக்கு ஐந்தாறு தடவை வயிற்றால் போகிறது. வெட்கத்தில் அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

இலங்கைப் பெண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். எங்கட கரையோரத்தில் இருந்து மட்டக்களப்புக்கோ மஹரகமைக்கோ கிளினிக் போய் வருகிறவர்கள் தமிழ் ஊரிலும் இருக்கிறார்கள், முஸ்லிம் ஊரிலும் இருக்கிறார்கள். ஊசி மருந்தை ஆஸ்பத்திரியில் தாதி பார்த்துப் பார்த்து ஏற்றுவார். குளிசை அப்படியல்ல. அது வீட்டுக்கு வந்து அலுமாரியில் இருக்கும். சரியாகப் போடும் பொறுப்பு முழுவதும் நோயாளியின் தலையில் விழுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இலக்கு மருந்து என்பது என்ன?

மார்பகப் புற்றுநோய் எல்லாம் ஒரே வகை இல்லை. நூற்றில் ஏறத்தாழ 15 முதல் 20 பேருக்கு, புற்றுக் கலங்களின் மேற்பரப்பில் 'ஹெர்-2' என்ற புரதம் அளவுக்கு மிஞ்சி இருக்கும். 'வளர், பெருகு' என்று கலத்துக்குள் கட்டளை அனுப்புவது அதன் வேலை. இந்த வகை நோய் வேகமாகப் பரவும் என்பதை 1987-ல் டெனிஸ் ஸ்லாமன் குழுவினர் காட்டினார்கள். 1998-ல் ஹெர்-2 புரதத்தை வெளியே இருந்து பிடிக்கும் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து வந்தது. 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லபாட்டினிப், குளிசையாக உடலுக்குள் போய், கலத்தின் உள்ளே இருந்து அந்தக் கட்டளையைத் தடுக்கிறது. ஹெர்-2 உடன் அதன் உறவுப் புரதம் ஒன்றையும் அது தடுக்கும். அந்த உறவுப் புரதம் குடலிலும் தோலிலும் இயல்பாகவே உண்டு. வயிற்றோட்டமும் தோல் பருக்களும் வருவதற்கு ஒரு காரணம் இதுதான்.

சோற்றோடு போட்டால் என்ன?

லபாட்டினிப்பை உணவுக்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம் முந்தி, அல்லது உணவு முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் போட வேண்டும். உணவோடு போட்டால், முக்கியமாக எண்ணெய், தேங்காய்ப்பால் சேர்ந்த கொழுப்புச் சாப்பாட்டோடு போட்டால், இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு மூன்று நான்கு மடங்கு கூடிவிடும். ஒரு நாள் மருந்துக்குப் பதிலாக மூன்று நாள் மருந்து உடம்பில் சேர்ந்த கணக்கு. ராத்தாவின் வயிற்றோட்டத்துக்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

கெபசிட்டபினோடு சேர்த்துக் கொடுக்கும்போது லபாட்டினிப்பின் வழக்கமான அளவு நாளுக்கு 1250 மில்லிகிராம். 250 மில்லிகிராம் குளிசை ஐந்து. ஐந்தையும் ஒரே நேரத்தில் போட வேண்டும். "அஞ்சு குளிசை கூட, காலையில மூண்டு, ராவைக்கு ரெண்டு" என்று பிரித்தாலும் இரத்தத்தில் மருந்து ஏறத்தாழ இரண்டு மடங்கு சேரும்.

சிலர் கேட்பார்கள்: சாப்பாட்டோடு கூடுதலாகச் சேருமென்றால், குறைந்த குளிசையைச் சாப்பாட்டோடு போட்டுக் காசை மிச்சப்படுத்தலாமே? 2007-ல் ஷிகாகோ பல்கலைக்கழகத்தின் மார்க் ராட்டெய்ன், எஸ்ரா கோஹன் என்ற இரு வைத்தியர்களே இந்தக் கேள்வியை ஒரு மருத்துவ இதழில் எழுப்பினார்கள். ஆனால் அதை ஆராய்ந்து பார்க்க வேண்டிய யோசனையாகத்தான் வைத்தார்கள். நாங்கள் ஒருநாள் புட்டு, மற்றநாள் பிரியாணி சாப்பிடுகிறவர்கள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு மருந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தின் விலை தாங்க முடியாவிட்டால் அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் கணக்குப் போட வேண்டாம்.

இரண்டு குளிசை, இரண்டு சட்டம்

கெபசிட்டபின் இதற்கு நேர்மாறானது. உணவு முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் தண்ணீரோடு போட வேண்டும். காலை, இரவு என்று இரண்டு வேளை. வழக்கமாக 14 நாள் போட்டு 7 நாள் விடுவார்கள். லபாட்டினிப் இடைவெளியின்றி 21 நாளும். ஒரு நாளை இப்படி அமைக்கலாம்:

சுபஹ் தொழுகை முடிந்து ஐந்தரைக்கு லபாட்டினிப் ஐந்தும். ஏழு மணிக்குக் காலைச் சாப்பாடு, உடனே கெபசிட்டபின். இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு, உடனே கெபசிட்டபினின் இரண்டாம் வேளை.

இதைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி, போட்டதும் சரி அடையாளம் இடுங்கள். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. போட்டவுடன் வாந்தி எடுத்தாலும் திரும்பப் போட வேண்டாம், அடுத்த வேளையைப் பாருங்கள். குளிசையை இடிக்கவோ கரைக்கவோ கூடாது. எடுத்துக் கொடுக்கும் மகளோ மருமகளோ கையுறை போட்டால் நல்லது, கையையும் கழுவ வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். நெராட்டினிப்பை உணவோடுதான் போட வேண்டும். டுகாட்டினிப்பை எப்படியும் போடலாம். ஹோர்மோன் வகை நோய்க்குக் கொடுக்கும் பல்போசிக்லிப்பும் ரிபோசிக்லிப்பும் 21 நாள் போட்டு 7 நாள் விடுபவை. அபெமாசிக்லிப் நாளாந்தம் இரண்டு வேளை. பெட்டியில் கம்பனிப் பெயர் மாறி மாறி வரும், ஆகவே கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பாருங்கள்.

மறைக்கக் கூடாதவை

லபாட்டினிப்பையும் கெபசிட்டபினையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில் நூற்றுக்கு 65 பேருக்கு வயிற்றோட்டம் இருந்தது. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வழக்கத்தை விட நாலு தடவைக்கு மேல் போனால், அல்லது காய்ச்சல், இரத்தம், தலைச்சுற்று சேர்ந்தால் அன்றே கிளினிக்குக்கு அறிவியுங்கள். ஜீவனி கரைத்துக் குடியுங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையை எப்போது, எத்தனை போடுவது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு எழுதி வையுங்கள். எழும்ப முடியாத நிலை என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

கண் மஞ்சளாதல், சிறுநீர் தேத்தண்ணி நிறமாதல், வலது விலாவுக்குக் கீழ் நோவு ஆகியவை ஈரல் பாதிப்பின் அடையாளங்கள். இதற்காகத்தான் நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள். "மருந்துதான் வேலை செய்யுதே, ஏன் ரத்தம்?" என்று தவற விடாதீர்கள். மூச்சு வாங்குதல், கால் வீக்கம், படபடப்பு இதயத்தைக் காட்டுபவை. எக்கோ, ஈ.சி.ஜி. எடுப்பது இதற்காகவே. கெபசிட்டபினால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிந்தால், தோல் உரியும் வரை பொறுத்திருக்க வேண்டாம்.

கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதில் உள்ளவர்கள் கருத்தடை பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். இம்மருந்துகள் கருவைப் பாதிக்கும். ஹோர்மோன் கலந்த கருத்தடைக் குளிசை மார்பகப் புற்றுநோயாளிக்குப் பொருந்தாது.

கூடச் சேரும் மருந்துகள்

கிரேப்ஃபுரூட் பழம் லபாட்டினிப்பின் அளவைக் கூட்டும். அதன் உறவான, ஜம்போலா என்றும் சொல்லும் பம்பளிமாஸையும் தவிர்ப்பது நல்லது. காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான காபமசெபின், பெனிடோயின் ஆகியவை மருந்தின் அளவைக் குறைத்துவிடும். வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கெபசிட்டபினால் இரத்தப்போக்கு வரலாம். கேஸ்ட்ரிக் குளிசை, போலிக் அசிட் போன்ற 'சின்ன' மருந்துகளையும் சொல்ல வேண்டும்.

கருஞ்சீரகம் எங்கள் வீடுகளில் மதிப்போடு இருப்பது. கறியில் போடும் அளவைப் பற்றி நான் பேசவில்லை. கரண்டிக் கணக்கில் எண்ணெயாகக் குடிப்பதையும், பரியாரி தரும் சூரணத்தையும் வைத்தியருக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது. பல மூலிகைகள் ஈரலில் மருந்தை உடைக்கும் நொதிகளோடு மோதக் கூடியவை.

நோன்பு

எங்கட ஊரில் நோன்புக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையே பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல். நேரத்தை மட்டும் பார்த்தால் நோன்பு திறந்ததும் சாப்பிட்டுக் கெபசிட்டபின், சாப்பாடு எல்லாம் முடிந்து இரவு பதினொன்றுக்கு லபாட்டினிப், சஹர் சாப்பிட்டு மறுவேளை என்று ஒருவாறு பொருத்தலாம். பிரச்சினை நேரம் அல்ல, தண்ணீர். வயிற்றோட்டம் உள்ளவர் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தால் உடல் வற்றி, சிறுநீரகம் பாதிக்கப்படும்.

நோயாளிக்கு நோன்பை விட இடமிருப்பதை அல்-பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாகவே சொல்கின்றன. சுகமானால் களாச் செய்யலாம், சுகமாகும் எதிர்பார்ப்பு இல்லையென்றால் ஃபித்யா உண்டு. எது உங்களுக்கு என்பதை ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் அவரிடம் போகுமுன் வைத்தியரிடம் போங்கள், ஏனென்றால் உடம்பின் நிலையைச் சொல்ல வேண்டியவர் அவர். நான் கண்ட மிக ஆபத்தான வழி, யாரிடமும் கேட்காமல் குளிசையை ஒரு மாதம் நிறுத்திவிட்டு நோன்பு பிடிப்பது. நோய் அந்த ஒரு மாதம் காத்திருக்காது.

ராத்தாவை அன்றே கிளினிக்குக்குத் தொலைபேசி எடுக்க வைத்தேன். சில நாள் குளிசையை நிறுத்தச் சொல்லி, இரத்தம் பார்த்து, பிறகு சரியான நேர அட்டவணையோடு மீண்டும் தொடங்கினார்கள். அந்த வருடம் நோன்பு வேண்டாம் என்றும் சொன்னார்கள். அவருக்கு அது பெரிய மனவருத்தம். பெருநாளைக்குப் பிறகு பாமசிக்கு வந்தபோது, "நோன்பு புடிக்கல்ல தம்பி, ஆனா நோன்பு திறக்கக் கஞ்சி நான்தான் காச்சினன்" என்றார். கொப்பியைத் திருப்பிக் காட்டினார். முப்பது நாளும் சரி அடையாளம் இருந்தது.