அமெரிக்காவில் கணவன், மனைவிக்கு ஒரே வரி ரிட்டர்ன்

இந்தியாவில் கணவனும் மனைவியும் அவரவர் பான் எண்ணில் தனித்தனியாகத்தான் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய முடியும். அமெரிக்காவில் அப்படி இல்லை. இருவரும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் தரலாம். அங்கு வேலைக்குச் செல்லும் நம்மவர்கள் பலர் டர்போ டாக்ஸ் போன்ற சாப்ட்வேர் மூலம் வீட்டிலிருந்தே இதனை முடிக்கின்றனர்.

நானும் என் கணவரும் முதல் முறை தாக்கல் செய்தபோது, கீபோர்டு முன் அமர்ந்தவர் அவர்தான். சமையலறையில் இருந்தபடியே என் பின் எண்ணைச் சொன்னேன். ஊரில் என் பெயரில் இருந்த பிக்சட் டெபாசிட் பற்றி அவருக்குத் தெரியாது; எனக்கும் நினைவில்லை. பிறகு 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தம் அனுப்பினோம். அந்தப் பின் எண்தான் என் கையெழுத்து என்பது அப்போதுதான் புரிந்தது. கூட்டு ரிட்டர்னில் உள்ள வரிக்கும் தவறுக்கும் இருவருமே முழுப் பொறுப்பு. எனவே இருவரும் சேர்ந்து அமருங்கள்.

எது லாபம்?

2025 ஆம் ஆண்டு வருமானத்திற்கு, கூட்டாகத் தாக்கல் செய்தால் நிலையான கழிவு 31,500 டாலர். தனித்தனியாகச் செய்தால் ஆளுக்கு 15,750 டாலர். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்திற்குக் கூட்டு ரிட்டர்ன்தான் பெரும்பாலும் லாபம். டிசம்பர் 31 அன்று திருமணம் ஆகியிருந்தாலும் அந்த ஆண்டு முழுவதும் மணமானவராகவே கணக்கிடப்படுவீர்கள். தனி ரிட்டர்னைப் பின்னர் கூட்டாக மாற்றலாம். ஆனால் கடைசி தேதிக்குப் பின் கூட்டு ரிட்டர்னைத் தனியாக மாற்ற முடியாது.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

1. இருவரின் டபிள்யூ-2 சம்பளப் படிவங்கள்.

2. அமெரிக்க வங்கிகள் தரும் 1099 படிவங்கள்.

3. இந்திய வங்கிகளின் வட்டி விபரம். என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. இந்திய வங்கிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை இருக்கும். அமெரிக்காவிற்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை வேண்டும். எனவே நெட் பேங்கிங்கில் ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் செய்து, எக்ஸெல்லில் மாதவாரியாகப் பிரித்துக் கூட்டுங்கள்.

வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தத் தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், எஃப்பார் என்ற அறிக்கையையும் தனியே ஆன்லைனில் தர வேண்டும். இது வரி ரிட்டர்னுடன் செல்வதில்லை.

மனைவிக்கு எண் இல்லையா?

எச்-4 விசாவில் வந்தவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை என்றால், டபிள்யூ-7 படிவத்தில் ஐ.டி.ஐ.என். எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதனை ரிட்டர்னுடன் இணைத்துத் தாளில்தான் அனுப்ப முடியும். அவர் ஆண்டின் இடையில் வந்து, வரிக் கணக்கில் இன்னும் அங்கு குடியிருப்பவர் ஆகவில்லை எனில், அவரையும் அப்படியே கருதும்படி இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் தேவை.

ரிட்டர்ன் திரும்பி வந்தால்

சப்மிட் கிளிக் செய்தபின் ரிட்டர்ன் நிராகரிக்கப்படுகிறதா? முந்தைய ஆண்டின் ஏ.ஜி.ஐ. தொகையைச் சரிபாருங்கள். 2024 ரிட்டர்னின் 11 ஆம் வரியில் அது இருக்கும். சென்ற ஆண்டும் கூட்டாகத் தந்திருந்தால் இருவருக்கும் அதே முழுத் தொகையை டைப் செய்யவும். பாதியாகப் பிரிக்கக் கூடாது. முன்பு தாக்கலே செய்யாதவருக்கு 0 எனத் தரவும். ஐந்து இலக்கப் பின் எண்ணை அவரவரே டைப் செய்யட்டும்.

இருவரும் வேலை பார்த்தால்

இரு நிறுவனங்களும் முழுக் கழிவையும் தனித்தனியே கணக்கிட்டு, குறைவாக வரி பிடிக்கக் கூடும். ஏப்ரலில் பெரிய தொகை கட்ட நேரிடும். இருவர் சம்பளமும் ஏறக்குறைய சமம் எனில், இரண்டு டபிள்யூ-4 படிவங்களிலும் இரண்டாம் படியில் உள்ள கட்டத்தை டிக் செய்யுங்கள்.

முடிந்ததும் பி.டி.எஃப். பைலாகச் சேமித்து, பாஸ்வேர்ட் கொடுத்து, இருவரிடமும் ஒரு பிரதி வைத்திடுங்கள். அனுப்பும் முன் இருவரும் ஒரு முறை முழுவதும் படித்துவிட்டால், பின்னால் வரும் திருத்த வேலை மிச்சமாகும்.