கொரியக் காதற்கதைகளும் தோட்டத்துப் பெண்டிர் தீர்ப்பும்

காதற்கதை எந்நாட்டில் பிறந்தாலும், அதைக் கேட்போர் தம் நாட்டு அளவுகோலைக் கொண்டே அளப்பர். அளக்கிறோம் என்னும் எண்ணமே இல்லாமல் அளப்பதுதான் இதில் உள்ள வியப்பு. ‘இவன் நல்லவன், இவளுக்கு ஏற்றவன்’ என்றும், ‘இது முறையன்று’ என்றும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ஒருவர் சொல்லும்போது, அவர் வாயிலாக ஒரு பழைய இலக்கணம் பேசுகிறது. அவ்விலக்கணம் எது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெகிரி செம்பிலானில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களுட் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் நிலைத்திருக்கிறது. இம்மக்களின் மாலைப் பொழுதில் கொரியத் தொடர்களும் இடம்பெற்றுவிட்டன. 2000ஆம் ஆண்டில் வந்த ‘ஆட்டம் இன் மை ஹார்ட்’, 2002இல் வந்த ‘விண்டர் சொனாட்டா’ ஆகியவற்றின் காலந்தொட்டே இத்தொடர்கள் மலாய் எழுத்துரையோடு இந்நாட்டில் காட்டப்பட்டு வருகின்றன. தமிழ்நாட்டிலோ, 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க்குரலில் வழங்கிற்று. இன்று கைப்பேசியிலேயே அவை கிடைக்கின்றன. பாட்டியும் பேத்தியும் ஒரே கதையைப் பார்த்து இருவேறு தீர்ப்புச் சொல்லும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

கதையின் கட்டமைப்பு

நம் தமிழ்த் தொடர்கள் நாள்தோறும் வந்து ஆண்டுக்கணக்கில் நீள்வன. கொரியக் காதற்றொடர்களோ பெரும்பாலும் 16 முதல் 20 பகுதிகளுக்குள் முடிவன. வாரத்திற்கு இரு பகுதியாக வருவன. முடிவு முன்னரே வரையறுக்கப்பட்டமையால், காதலுக்கு வரும் தடைகளும் எண்ணி வைக்கப்படுகின்றன. செல்வப் பெருங்குடி மகனுக்கும் எளிய வீட்டுப் பெண்ணுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு, மகனை விட்டு விலகுமாறு பணம் நீட்டும் தாய், விபத்தால் மறைந்த நினைவு, பிறப்பில் மறைந்த உண்மை, தலைவியை மனத்துள் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் இரண்டாம் ஆடவன், இளமையில் ஒருமுறை கண்டவரே பின்னாளில் காதலராதல் என்பன திரும்பத் திரும்ப வரும் கூறுகள். இறுதியில் கூறியதைக் கொரியர் ‘இன்யோன்’ என்னும் சொல்லால் விளக்குவர். முன்வினைத் தொடர்பு என நாம் பொருள் கொள்ளலாம்.

‘ஒரே கதையைத்தானே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்!’ என்று இதனைக் குறை கூறுவாரும் உளர். ஆயின், திரும்ப வருதல் மட்டுமே ஒரு குறையாகுமா? நம் அகப்பாடல்களிலும் தலைவன், தலைவி, தோழி, செவிலி ஆகிய சிலரே வருகின்றனர். சந்திப்பு, பிரிவு, ஊரார் பழிமொழியாகிய அலர், உடன்போக்கு ஆகிய சில நிகழ்ச்சிகளே வருகின்றன. புலவனின் திறம் நிகழ்ச்சியின் புதுமையில் இல்லை. அந்நிகழ்ச்சியில் ஓர் உள்ளம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் காட்டுவதில் இருக்கிறது. ஆகவே நாம் கேட்கவேண்டிய வினா, ‘இக்கூறு பழையதா?’ என்பதன்று, ‘இக்கூற்றில் மாந்தர் எவ்வாறு நடத்தப்படுகின்றனர்?’ என்பதே.

செல்வன் மகனும் ஒப்பு இலக்கணமும்

2009இல் வந்த ‘பாய்ஸ் ஓவர் பிளவர்ஸ்’ ஜப்பானியப் படக்கதை ஒன்றைத் தழுவியது. சலவைக்கடை வைத்திருக்கும் எளிய குடும்பத்துப் பெண் செல்வர் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் சேர்கிறாள். பெருந்தொழிற்குழுமத்தின் வாரிசான இளைஞன் முதலில் அவளைத் துன்புறுத்துகிறான், பின்னர்க் காதலிக்கிறான். இவ்வகைக் குடும்பக் குழுமங்களைக் கொரியர் ‘சேபோல்’ என்பர்.

இத்தகைய கதையைக் காணும் இளம்பெண்கள், ‘அவன் அவளுக்காக மாறிவிட்டான்’ என்று மகிழ்கின்றனர். மூத்த பெண்டிர் எளிதில் மனம் இளகுவதில்லை. எங்கள் வட்டாரத்து மூதாட்டி ஒருவர், ‘பணக்காரன் கையைப் புடிச்சு இழுத்தா காதலு, நம்ம தோட்டத்துப் பையன் இழுத்தா போலீசா?’ என்று கேட்டார். நூறு பக்கத் திறனாய்வு செய்யவேண்டிய வேலையை அவ்வொரு வினா செய்துவிட்டது.

தொல்காப்பியரிடம் இதற்கு விடை உண்டு. ஒத்த தலைவனும் தலைவியும் ஊழின் ஆணையால் எதிர்ப்படுவர் என்று களவியலில் கூறும் அவர், தலைவன் உயர்ந்தவனாயினும் தடையில்லை என்றும் உரைக்கிறார். செல்வன் மகனும் எளியவளும் காதலிக்கலாம் என்பதற்கு இது போதும். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. மெய்ப்பாட்டியலில் காதலர்க்கு அமையவேண்டிய பத்து ஒப்புகளை அடுக்குகிறார். பிறப்பு முதலாகத் தொடங்கும் அவ்வரிசையில் ஆண்டும் உருவும் அருளும் உணர்வும் வந்தபின், செல்வமாகிய திரு பத்தாவதாக, இறுதியில் நிற்கிறது. அடுத்து, காதலரிடம் இருக்கலாகாத குற்றங்களைத் தொகுத்துச் சொல்கிறார். கொடுமை, தன்னைத் தானே வியத்தல், வன்சொல், தன் குடிப்பிறப்பை எண்ணி இன்புறல் ஆகியவை அவற்றுட் சில.

இக்குற்றப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கொரியத் தொடர்களில் வரும் செல்வன் மகனை முதல் நான்கு பகுதிகளில் பாருங்கள். கொடுமை உண்டு, தற்பெருமை உண்டு, வன்சொல் உண்டு, குடிப்பெருமை மிக உண்டு! எஞ்சிய பகுதிகள் எல்லாம் அக்குற்றங்களை ஒவ்வொன்றாக அவன் கழித்துவிடும் வரலாறே. அவை உண்மையாகவே கழிந்தனவா, அன்றி அழகிய முகத்தால் மறைக்கப்பட்டனவா என்பதில்தான் பேத்தியும் பாட்டியும் வேறுபடுகின்றனர். செல்வ வேறுபாட்டை இருவருமே பொறுத்துக்கொள்கின்றனர். குண வேறுபாட்டையே மூத்தவர் பொறுப்பதில்லை. தொல்காப்பியர் வரிசையும் அதுவே.

2019இன் இறுதியில் தொடங்கிய ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ இதற்கு மறுதலையான கதை. இங்குத் தலைவியே தென்கொரியச் செல்வக்குடியினள். தலைவன் வடகொரியப் படைத்தலைவன். அவன் மென்மையாகப் பேசுகிறான், அவளுக்கெனச் சமைக்கிறான், காப்பிக்கொட்டை வறுத்துத் தருகிறான். இத்தொடரைப் பற்றிக் கேட்டால் முதியவரும் இளையவரும் ஒருமித்துப் புகழ்கின்றனர். தலைவன் மிக்கோனாயின் தடையில்லை என்ற தொல்காப்பியர், தலைவி மிக்கவளாயின் என் செய்வது என்று அங்குச் சொல்லவில்லை. வகுப்பில் எழுப்புதற்கு இதனினும் நல்ல வினா வேண்டுமோ?

கைப்பற்றி இழுத்தல்

பழைய கொரியத் தொடர்களில் தவறாது வந்த காட்சி ஒன்று உண்டு. தலைவியின் மணிக்கட்டைப் பற்றித் தலைவன் இழுத்துச் செல்வான், அவள் மறுப்பாள், பின்னணி இசை அதைக் காதல் என்று நமக்கு அறிவிக்கும். கொரிய நாட்டுப் பெண்களே இதனைக் கண்டித்து எழுதியும் பேசியும் வந்துள்ளனர். அண்மைத் தொடர்களில் இக்காட்சி குறைந்து வருவதைக் காண்கிறோம்.

நாம் கொரியரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. மறுக்கும் பெண்ணைத் தெருத்தெருவாய்ப் பின்தொடர்வதைக் காதல் முயற்சியாகக் காட்டிய தமிழ்த் திரைப்படங்கள் எத்தனை! ஆயினும் நம் இலக்கணம் அதற்கு இடந்தரவில்லை. அன்பின் ஐந்திணைக்குப் புறம்பான பெருந்திணைக்குத் தொல்காப்பியர் நான்கு குறிப்புகளைக் கூறுகிறார். மடலேறுதல், இளமை ஒவ்வாமை, தெளிவிழந்த காமம் என்பவற்றோடு, காம மிகுதியால் வலிமை காட்டுதலும் அவற்றுள் ஒன்று. கைப்பற்றி இழுப்பவன், ஆகவே, குறிஞ்சித் தலைவன் ஆகான்.

அந்நான்கனுள் இளமை ஒவ்வாமை என்பதும் இன்று பேசப்படும் பொருளே. 2016இல் தொடங்கிய ‘கோப்ளின்’ தொடரில் தலைவனுக்கு அகவை 939. தலைவியோ பள்ளி மாணவி. அது தெய்வக்கதை என்று கொண்டு சுவைத்தவர் பலர். பள்ளிச் சீருடை தம் கண்ணை உறுத்திற்று என்றவரும் பலர். 2018இல் வந்த ‘மை மிஸ்டர்’ தொடரின் தொடக்கத்திலும், தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே உள்ள அகவை வேறுபாட்டைப் பற்றி அந்நாட்டில் கண்டனம் எழுந்தது. ஈண்டும் காண்போர் கேட்டது ஆண்டு ஒப்பையே.

முறையும் முறையின்மையும்

பிறப்பு மறைபொருள் என்னும் கூறு நம்மவர்க்குச் சில நேரங்களில் விளங்குவதில்லை. ‘விண்டர் சொனாட்டா’வில் காதலர் இருவரும் ஒரு தந்தை மக்களோ என்னும் ஐயம் எழுகிறது, பின்னரே அஃது உண்மையன்று எனத் தெளிகிறது. உடன்பிறப்பு என்னும் அச்சம் எல்லார்க்கும் புரிவதே. ஆனால் கொரியர் மணவிலக்கு அதனினும் மிக அகன்றது. ஒரே குடும்பப் பெயரும் ஒரே குடிமூலமும் உடையவர் மணத்தலாகாது என்னும் சட்டம் அங்கு நெடுங்காலம் இருந்தது. 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அஃது அரசியலமைப்புக்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது. 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்றும் எட்டாம் படி வரையிலான இரத்த உறவினர் அங்கு மணக்க இயலாது. எனவே நாம் ‘முறைப்பெண்’ என்று உரிமை கொண்டாடும் மாமன் மகள், கொரியனுக்கு மணத்தற்கு ஆகாதவள்!

நெகிரி செம்பிலானில் வாழும் நமக்கு இது புதுமையன்று. இம்மாநில மலாய் மக்கள் போற்றும் அடாட் பெர்பாத்தே வழக்கில், ஒரே சுக்கு எனப்படும் குலத்தைச் சார்ந்தவர் தம்முள் மணப்பதில்லை. அண்டை வீட்டு மலாய் அம்மையார்க்குக் கொரியக் கதையின் தடை எளிதாய்ப் புரிய, நம் பாட்டிக்கு அது புதிராய் நிற்பதன் காரணம் இதுவே. ஒரு கதையின் முடிச்சு, அக்கதை பிறந்த நாட்டின் மணமுறையில் இருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். கொரியரும் ‘அப்பா’ என்று அழைப்பதைக் கேட்டு, அவர்கள் நம்மிலிருந்து பிரிந்தவரே என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905இல் நூல் எழுதியது உண்மை. ஆயின் இன்றைய மொழிநூலார் அவ்வுறவை ஏற்பதில்லை. யாம் தொல்காப்பியத்தை எடுத்துக்காட்டியதும், கொரியர் அதைக் கற்றனர் என்று கூறுவதற்கன்று. நம் மக்கள் எந்த அளவுகோலால் அளக்கின்றனர் என்று காட்டுவதற்கே.

முடிவைப் பற்றிய வழக்கு

2004இல் கொரியாவில் பெரும்புகழ் பெற்ற ‘லவர்ஸ் இன் பாரிஸ்’ தொடர், நடந்தவை அனைத்தும் தலைவி எழுதிய கதை என்னும்படி முடிந்தது. காண்போர் வெகுண்டனர். அந்நாளில் பல தொடர்கள் ஒளிபரப்பாகும்போதே படமாக்கப்பட்டன. ஆதலின் மக்கள் கருத்து எழுத்தாளர் காதுக்கு உடனே எட்டிற்று. 2016இல் வந்த ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்’ போல முழுமையும் முன்னரே எடுத்து முடிக்கப்பட்ட தொடர்களில் அவ்வாய்ப்பு இல்லை.

இரண்டாம் ஆடவனைப் பற்றிய வழக்கும் முடிவைச் சார்ந்ததே. ‘அவனல்லவோ நல்லவன், அவனுக்கு ஏன் அவள் இல்லை?’ என்று இளம்பெண்கள் வருந்துகின்றனர். இங்கு ஆசிரியர் ஒன்றைத் தெளிவாக்கலாம். ஒருதலைக் காமம் கைக்கிளை. நல்லவனாய் இருத்தல் ஒரு பெண்ணின் அன்புக்கு விலையாகாது. அவள் விரும்பவில்லை என்பதே போதிய காரணம். இதை உணர்ந்து ஒதுங்குவதால்தான் அவ்விரண்டாம் ஆடவன் நம் மதிப்பைப் பெறுகிறான்.

ஆசிரியர் செய்யத்தக்கது

தோட்டப் பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் நம் பெண் மக்கள், காதல் என்பது யாது என்பதைப் பெரும்பாலும் திரையிலிருந்தே கற்கின்றனர். வீட்டில் அதைப் பற்றிப் பேசுவாரில்லை. பள்ளியில் பேச அஞ்சுகிறோம். பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல் 2023இல் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. ஆனால், ‘இது தொல்லை’ என்று ஒரு சிறுமிக்கு முதலில் தோன்றினாலன்றிச் சட்டம் அவளுக்கு எவ்வாறு துணை நிற்கும்?

ஆகவே தொடர்களைப் பார்க்காதே எனத் தடுப்பதினும், பார்த்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் பழக்குதல் நன்று. இடைநிலைப் பள்ளியில் அகத்திணை நடத்தும் ஆசிரியர், மாணவர் பார்த்த தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று வினாக்கள் கேட்கலாம். இவ்விருவரிடம் எவ்வெவ் ஒப்பு உண்டு, எது இல்லை? தலைவனிடம் தொல்காப்பியர் விலக்கிய குற்றம் எது, அது எப்போது நீங்கிற்று? தலைவி ‘வேண்டாம்’ என்றபோது அவன் என்ன செய்தான்? தொடக்கப்பள்ளியில் காதலைப் பேச வேண்டுவதில்லை. ஒருவர் கையைத் தொடுமுன் கேட்க வேண்டும், மறுத்தால் நிறுத்த வேண்டும் என்பதை விளையாட்டுத் திடலிலேயே கற்பித்துவிடலாம்.

ஐந்திணையும் பெருந்திணையும் தேர்வுக்கு மனனம் செய்யும் சொற்கள் மட்டும் அல்ல. அன்பையும் ஆதிக்கத்தையும் பிரித்தறிய நம் முன்னோர் வகுத்த எல்லைக்கற்கள் அவை. பெயர் தெரியாமலே அவற்றைக் காத்து வருகிறார் தோட்டத்து மூதாட்டி. அவருடைய பேத்திக்கு அப்பெயர்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது தமிழாசிரியர் கடமையாகும்.