கையில் ஏந்தும் சிறகு

கொடைக்கானலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் மலைச்சாலை பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து கிளாவரையில் முடிகின்றது. அதற்கு அப்பால் உள்ளவை கேரள நாட்டு மலைகள். பழனிமலைத் தொடரின் மேற்கு ஓரத்தில் அமைந்த அவ்வூரில், படிப்படியாக வெட்டித் திருத்திய நிலங்களில் உருளைக்கிழங்கும் வெள்ளைப்பூண்டும் விளைகின்றன. ஆனி, ஆடித் திங்கள்களில் அங்கு ஒரு மேட்டின்மேல் ஏறி நின்றால், மேற்கிலிருந்து வரும் காற்று நம்மைப் பின்னே தள்ளும். விரித்த குடை கையை விட்டுப் பறக்க முயலும். அக்குடையைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்தால் இழுப்பு ஒரு விதமாக இருக்கும். சற்றே திருப்பினால் வேறு விதமாக இருக்கும். முற்றிலும் கவிழ்ந்து மேற்புறமாக மடிந்துவிட்டாலோ, குடையும் போயிற்று, நனையாமல் இருக்கும் வாய்ப்பும் போயிற்று!

காற்றின் வலிமையைக் கையில் பிடித்துப் பார்க்க இதனினும் எளிய வழி இல்லை. இழுக்கும் காற்றை இழுக்கவிட்டு, வேண்டிய திசையில் நம்மைக் கொண்டு செல்லுமாறு ஏவவும், வேண்டாதபோது உடனே அடங்கச் செய்யவும் ஒரு குடை இருந்தால் எப்படி இருக்கும்? அத்தகைய கருவி ஒன்றை அண்மைக் காலத்தில் மக்கள் செய்து முடித்துள்ளனர். காற்றடைத்து, கையில் ஏந்தி, நீரின்மேல் பலகையில் நின்று விரைவதற்குரிய சிறகு அது. அதனைக் கைச்சிறகு என்று நாம் அழைப்போம்.

கிளாவரையின் மலைகளைக் கடக்கும் தென்மேற்குப் பருவக்காற்றே கிழக்கே பாண்டிய நாட்டுச் சமவெளியின்மேலும் வீசுகின்றது. கடற்கரை மக்கள் மேல்திசைக் காற்றைக் கச்சான் என்பர். இராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளில் காற்றின் துணைகொண்டு நீரின்மேல் செல்லும் விளையாட்டுகள் இன்று கற்பிக்கப்படுகின்றன. இலங்கையின் கற்பிட்டியும் இவ்விளையாட்டுக்குப் பெயர் பெற்ற இடமாகும். கைச்சிறகு எங்ஙனம் வடிவமைக்கப்படுகின்றது என்பதை இனிக் காண்போம்.

சிறகு பிறந்த வரலாறு

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரான்சிசு ரொகல்லோ என்ற பொறியியலறிஞரும் அவர்தம் மனைவி கெர்ட்ரூடும், விறைப்பான சட்டம் எதுவுமின்றி, துணியாலேயே ஒரு சிறகு செய்ய முயன்றனர். சமையலறைத் திரைச்சீலையை வெட்டிச் சிறகாக்கினர். மின்விசிறியின் முன் பிடித்து அதனைச் சோதித்தனர். காற்றே துணிக்கு வடிவம் கொடுக்கும் என்பதை அவர்கள் காட்டினர்.

1960களில் அமெரிக்கர் சிலர், நீர்ப்பலகையின்மேல் பாய்மரத்தை எப்பக்கமும் சாயக்கூடிய மூட்டினால் பொருத்தி, நின்றபடியே பாயைக் கையால் இயக்கினர். பின்னர்ப் பட்டத்தின் இழுப்பால் நீரின்மேல் செல்ல முயன்றவர்கள் ஓர் இடையூற்றைக் கண்டனர். நீரில் விழுந்த பட்டம் நனைந்து படிந்துவிடும், மீண்டும் எழாது. பட்டத்துக்கு உரியவர் கரைக்குத் தொலைவில் திகைத்து நிற்க வேண்டியதுதான். பிரான்சு நாட்டின் மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த புருனோ லெகெனு, தொமினிக் லெகெனு என்னும் உடன்பிறந்தார், 1984ஆம் ஆண்டில் இதற்கு ஒரு தீர்வு கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். பட்டத்தின் முன்விளிம்பைக் காற்றடைத்த குழாயாக அவர்கள் அமைத்தனர். குழாய் மிதக்கும், ஆதலின் பட்டம் மூழ்காது, நீரிலிருந்தே மீண்டும் எழும்.

பட்டத்தைக் கட்டியிருந்த இருபது மீட்டர்க்கு மேற்பட்ட நீண்ட கயிறுகளை நீக்கி, காற்றடைத்த அச்சிறகைக் கையிலேயே பிடித்தால் என்ன என்று பின்னர்ச் சிலர் எண்ணினர். கழிகளால் செய்த கைச்சிறகுகள் முன்னரே இருந்தன. காற்றடைத்தவை 2019ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவின.

எவ்வளவு பெரிய சிறகு?

கைச்சிறகை வடிவமைப்போர் முதலில் காணவேண்டுவது அதன் பரப்பு. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில், 5 சதுர மீட்டர் பரப்புள்ள சிறகு ஏறத்தாழ 11 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையைத் தரும். அதே சிறகு நொடிக்கு 12 மீட்டர் வேகக் காற்றில் 44 கிலோகிராமுக்கு ஒப்பான விசையைத் தரும். முன்னதைப் பள்ளிச் சிறுவனும் தாங்குவான். பின்னதை வலியவனும் நெடுநேரம் தாங்கமாட்டான். ஆதலின் ஒரே சிறகு எல்லாக் காற்றுக்கும் பொருந்துவதில்லை. ஆளின் எடைக்கும் காற்றின் வேகத்துக்கும் ஏற்ப, ஏறக்குறைய 2 முதல் 7 சதுர மீட்டர் வரை பல அளவுகளில் சிறகுகள் செய்யப்படுகின்றன.

காற்றின் அடர்த்தியும் கணக்கில் சேரும். கொடைக்கானல் கடல்மட்டத்திற்கு 2,100 மீட்டர் அளவு உயரத்தில் உள்ளது. அங்குள்ள காற்று இராமேசுவரத்துக் காற்றினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஒரே வேகத்தில் வீசினும் மலைக்காற்றின் விசை அந்த அளவுக்குக் குறையும். ஆகவே, அதே இழுப்பைப் பெற மலையில் சற்றுப் பெரிய சிறகு வேண்டும்.

எலும்பாகும் காற்று

பறவையின் சிறகுக்கு எலும்பு உண்டு. பட்டத்துக்கு மூங்கிற் குச்சி உண்டு. கைச்சிறகுக்குக் காற்றே எலும்பு. அதன் முன்விளிம்பில் பருத்த குழாய் ஒன்று இரு முனை வரையிலும் செல்கின்றது. நடுவில் அதிலிருந்து பின்னோக்கி மற்றொரு குழாய் முதுகெலும்புபோல் நீள்கின்றது. இக்குழாயின் அமைப்பு மிதிவண்டிச் சக்கரத்தை ஒத்தது. சக்கரத்தில் உள்ளே ரப்பர்க் குழாய் காற்றைக் காக்கின்றது; வெளியே தடித்த டயர் அழுத்தத்தைத் தாங்குகின்றது. அதுபோலவே, கைச்சிறகில் உள்ளே பாலியூரிதேன் என்னும் நெகிழ்பொருளாலாகிய மெல்லிய பை காற்றைக் காக்கின்றது. வெளியே நீளாத பாலியெஸ்டர்த் துணி உறை அழுத்தத்தைத் தாங்குகின்றது. அடைக்கும் அழுத்தம் மோட்டார் வண்டிச் சக்கரத்தின் அழுத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. கையால் இயக்கும் பம்பே இதற்குப் போதும்.

குழாய் எவ்வளவு பருமனாக இருக்கவேண்டும்? இங்குதான் வடிவமைப்போரின் அறிவு சோதிக்கப்படுகின்றது. அழுத்தத்தை இரட்டித்தால், குழாய் மடங்காமல் தாங்கும் வலிமை இரட்டிக்கும். விட்டத்தை இரட்டித்தாலோ, அவ்வலிமை எட்டு மடங்காகும். அப்படியாயின் குழாயைப் பருமனாக்குவதே எளிய வழி என்று தோன்றும். ஆனால் பருத்த குழாய் காற்றின் ஒழுக்கைத் தடுத்துச் சிறகின் திறனைக் கெடுக்கும், எடையையும் கூட்டும். துணியின்மேல் விழும் இழுவிசையோ அழுத்தத்தோடும் பருமனோடும் சேர்ந்து மிகும். தையல் பிரியவும் கூடும். மெலிந்த குழாயை அமைத்தால் வலிய காற்றில் சிறகு நடுவே மடிந்துபோகும். ஆகவே நடுப்பகுதியில் குழாயைப் பருமனாகவும், விசை குறைந்த முனைகளை நோக்கிச் சிறுகச் சிறுக மெலிதாகவும் அமைக்கின்றனர். மூங்கிலும் அடி பருத்து நுனி சிறுத்தன்றோ வளர்கின்றது?

வெப்பமும் கருதத்தக்கது. வெயிலில் கிடக்கும் சிறகினுள் காற்று சூடேறி அழுத்தம் மிகும். உச்சி வெயிலில் இறுக அடைத்த சிறகை மணலில் விட்டுச் செல்வோர், வெடித்த பையைக் காண நேரும்.

வடிவமும் துணியும்

சிறகின் இரு முனைகளும் நடுப்பகுதியினும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அகன்ற 'வி' என்னும் எழுத்தின் வடிவத்தை அது ஒக்கும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அப்பக்கத்தில் காற்றின் தாங்கல் மிகுந்து சிறகை மீண்டும் நிமிர்த்தும். வளைவு குறைந்தால் சிறகு நிலையின்றி ஆடும். மிகுந்தால் இழுப்பு வீணாகும்.

நீண்டு குறுகிய சிறகு காற்றில் திறமாகச் செல்லும். ஆயின் கைச்சிறகை ஏந்துபவர் நீரிலிருந்து சிறிதளவு உயரத்திலேயே நிற்கிறார். சிறகு மிக நீண்டால், சாய்க்கும்போது அதன் முனை நீரில் பட்டு அவரை வீழ்த்தும். ஆகவே நீளத்துக்கும் அகலத்துக்கும் இடையே ஓர் அளவைக் காண்கின்றனர்.

சிறகின் பரப்பை மூடும் துணி, குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த இழைகள் கட்டம் கட்டமாக ஊடுருவி நெய்யப்பட்டது. ஓரிடத்தில் கிழிந்தால், கிழிசல் தடித்த இழை வரையில் சென்று நிற்கும். துணி தளர்ந்தால் படபடத்துத் திறன் குன்றும்; மிக இறுகினால் திடீர்க் காற்றின் தாக்குதல் முழுவதும் கைக்கே வரும். ஆதலின், காற்று சீறும்போது முனைகளின் பின்விளிம்பு சற்றே நெகிழ்ந்து, மிகையான காற்றைத் தானே வெளியேற்றுமாறு துணியை வெட்டித் தைக்கின்றனர். இவ்வாறு முடிந்த 5 சதுர மீட்டர்ச் சிறகின் எடை 2 அல்லது 3 கிலோகிராமே.

விட்டுவிடும் கலை

கைப்பிடிகளை எங்கே பொருத்துவது? காற்றின் விசை ஒன்றுசேரும் புள்ளி, இரு கைகளுக்கும் இடையே விழவேண்டும். புள்ளி முன்னே சென்றால் முன்கை ஓயும். பின்னே சென்றால் பின்கை ஓயும். நடுக்குழாயின் கைப்பிடிகளோடு, முன்விளிம்பிலும் ஒரு கைப்பிடி உண்டு. அதனை மட்டும் பற்றிக்கொண்டு மற்றொரு கையை விட்டுவிட்டால், சிறகு காற்றின் போக்கிலே கொடிபோல் திரும்பி, இழுப்பை முற்றும் இழந்து அமைதியாய் மிதக்கும். அதையும் விட்டுவிட்டால் நீரில் விழும், மூழ்காது, மணிக்கட்டில் கட்டிய கயிறு அதனை அகலாமல் காக்கும். பட்டத்தின் நீண்ட கயிற்றில் சிக்குண்டு இழுபடும் இடர் இதில் இல்லை. காற்றை இழுக்கச் செய்யும் திறம் இச்சிறகின் பாதிச் சிறப்பே. கை நெகிழ்ந்த நொடியில் அடங்குவதே மறுபாதி.

பலகையின் அடியில் அமையும் மற்றொரு சிறகையும் இங்குக் கூறவேண்டும். தண்டு ஒன்றின் நுனியில் பொருந்திய சிறு நீர்ச்சிறகு நீருக்குள் செல்லும். நீர் காற்றினும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது; ஆகவே மிகச் சிறிய நீர்ச்சிறகே ஆளையும் பலகையையும் நீருக்கு மேலே தூக்கிவிடுகின்றது. தண்டும் நீர்ச்சிறகும் பக்கவாட்டில் வழுக்காமல் தடுப்பதால், காற்று தள்ளும் திசையிலன்றி அதற்குக் குறுக்காகவும் செல்ல முடிகின்றது. சாயும் விசையைச் செல்பவர் தம் உடலைச் சாய்த்துச் சமன் செய்கிறார். இது நம் நாட்டார்க்குப் புதிதன்று. பாக்கு நீரிணையின் பாய்மரக் கலங்களில் குறுக்கே நீண்ட பலகை வைத்து, காற்று வரும் பக்கத்து நுனியில் ஆட்கள் ஏறி நின்று, கலம் கவிழாமல் காப்பது பழைய வழக்கம்.

காற்றறிந்து செல்க

கொடைக்கானல் ஏரி 1863ஆம் ஆண்டில் மதுரை ஆட்சியராய் இருந்த வீர் லெவிஞ்சு என்பாரின் முயற்சியால் உருவாயிற்று. அதில் விடுவதற்கு முதற்படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பர். படகு மலையேறியது, ஆனால் கடற்காற்று அதனுடன் மலையேறவில்லை. குன்றுகளும் மரங்களும் சூழ்ந்த ஏரியில் காற்று சுழன்றும் துண்டுபட்டும் வரும். கைச்சிறகுக்குச் சீரான காற்று வேண்டும். அது தடையற்ற கடற்கரையில்தான் கிடைக்கும்.

அங்கும் காற்றின் திசையை முதலில் அறியவேண்டும். கடலிலிருந்து கரைநோக்கி வீசும் காற்று, தவறி விழுந்தவரைப் பெரும்பாலும் கரைக்கே கொண்டுவரும். கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றோ, கரையோரத்தில் மென்மையாகத் தோன்றி, உள்ளே செல்லச் செல்ல வலுத்து, திரும்பி வர இயலாதபடி ஆளைக் கொண்டுபோய்விடும். ஆகவே மிதவைச் சட்டை அணியாமலும், உடன் ஒருவர் இல்லாமலும், அவ்விடத்து மீனவரிடம் காற்றைக் கேட்டறியாமலும் நீரில் இறங்கலாகாது. நன்கு வடிவமைத்த சிறகு இடரைக் குறைக்குமேயன்றி, அறியாமையை ஈடு செய்யாது.

கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றைப் பணிகொண்டு கலம் செலுத்தினான் என்று வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் புகழ்கின்றார். அன்று மரமும் பாயும் செய்த பணியை இன்று துணியும் அடைத்த காற்றும் செய்கின்றன. கருவி மாறியது, காற்றின் இயல்பு மாறவில்லை. அதன் இயல்பை அறிந்து, ஏற்கவேண்டிய இடத்தில் ஏற்று, விடவேண்டிய இடத்தில் விடுபவர்க்கே அது துணையாகின்றது. அடுத்த முறை பலத்த காற்றில் குடையைப் பிடிக்கும்போது, அது எப்பக்கம் இழுக்கின்றது, எவ்வாறு திருப்பினால் அடங்குகின்றது என்று உற்று நோக்குங்கள். சிறகு செய்வோரின் கல்வி அங்கிருந்தே தொடங்குகின்றது.