புதுச்சேரியின் பெயர் தாங்கிய சுறா

2024 மார்ச் 1 அன்று, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே விமானத்தில் கணக்கெடுக்கப் போனவர்கள் ஒரு சாம்பல் திமிங்கலத்தைப் பார்த்தார்கள். முதுகுத் துடுப்பு இல்லை. தோலெங்கும் வெள்ளைத் திட்டுகள். அட்லாண்டிக்கில் அந்த இனம் 18ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போய்விட்டது. பசிபிக்கில் எஞ்சியவற்றுள் ஒன்று, ஆர்க்டிக் பனி உருகித் திறந்த வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இப்படி ஒரு செய்தி நம் கடலிலிருந்தும் வராதா என்று ஏங்குகிறேன். இங்கே தொலைந்திருப்பது பாண்டிச்சேரி சுறா. 1839இல் முல்லர், ஹென்லே என்ற இரு ஜெர்மானியர்கள் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். இவ்வினத்தின் மாதிரியாக, புதுச்சேரியில் பிடிபட்ட சுறா ஒன்று பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து நியூகினி வரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்தவற்றையெல்லாம் சேர்த்தாலும், உலக அருங்காட்சியகங்களில் இருபதுகூடத் தேறாது. கடைசியாக உறுதிப்பட்ட பதிவு 1979இல், இந்தியாவில்.

திமிங்கலத்துக்குப் பசிபிக் என்ற இன்னொரு வீடு இருந்தது. இந்தச் சுறாவுக்கு அப்படி ஒரு புகலிடம் இருப்பதாகத் தெரியவில்லை. கரையை ஒட்டி வாழ்ந்ததுதான் அதற்கு வினையானது. செவுள் வலையும் இழுவலையும் ஓயாமல் விழும் இடம் அதுவே. சுறாக்கள் மற்ற மீன்களைப்போல லட்சக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுகட்டுவதில்லை. மெதுவாக வளர்ந்து, சில குட்டிகளே போடும்.

ஆனாலும் அற்றுப்போனது என்று தீர்ப்பெழுத எனக்கு மனம் வரவில்லை. அது நம் கண்ணில் பட்டும் தவறியிருக்கலாம். ஒரு மீட்டர் அளவுள்ள சாம்பல் நிறச் சுறா. மார்புத் துடுப்பு, இரண்டாம் முதுகுத் துடுப்பு, வாலின் கீழ்மடல் ஆகியவற்றின் நுனிகள் கறுப்பு. இதே சாயலில் வேறு சுறாக்களும் உண்டு. புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில், கூடையில் கலந்து கிடந்தால் யார் பிரித்தறிவார்? வாயைத் திறந்து பார்க்க வேண்டும். மேல்தாடைப் பல்லின் கூர்முனை வழவழப்பாக இருக்கும். அடிப்பகுதியில் மட்டும் தடித்த ரம்ப வெட்டுகள் தெரியும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் அதற்கு இடமுண்டு. அடையாளம் தெரியாத உயிரைச் சட்டம் மட்டும் காப்பாற்றிவிடாது. ஏலக்கூடத்தில் அதன் படமும் பல்லின் படமும் பெரிதாக மாட்டப்பட வேண்டும். தினமும் வலை பிரிக்கும் மீனவருக்கும், மீன் வாங்கி விற்கும் பெண்களுக்கும் தெரிந்துவிட்டால், விமானக் கணக்கெடுப்பை விடக் கூர்மையான கண்கள் ஆயிரக்கணக்கில் நமக்குக் கிடைக்கும்.