குப்பம் வடக்கா, திருத்தணி வடக்கா?

எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. மேப்பைத் திறக்காம பதில் சொல்லுங்க. ஆந்திராவில் இருக்கிற குப்பம், தமிழ்நாட்டில் இருக்கிற திருத்தணி. இந்த ரெண்டில் எது வடக்கே இருக்கு?

உங்களில் நிறைய பேர் குப்பம்னுதான் சொல்லியிருப்பீங்க. திருத்தணி மலைப்படியில் உட்கார்ந்துகிட்டே நானும் அப்படித்தான் சொன்னேன். சரியான விடை திருத்தணி. அது 13.18 டிகிரி அட்சரேகையில் இருக்கு, குப்பம் சுமார் 12.75. கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர் தெற்கே. சென்னையை விடவும் தெற்கு!

ஏன் தப்பு வந்தது? குப்பம் எங்கே இருக்குன்னு என் மண்டையில் பதிவே இல்லை. 'தமிழ்நாட்டுக்கு மேலே ஆந்திரா' என்பது மட்டும் இருந்தது. அதை வைத்து அந்த நிமிஷத்தில் ஒரு படம் போட்டுக்கிட்டேன். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, உள்ளே ஆளுக்கொரு புள்ளி. 1978ல் ஸ்டீவன்ஸ், கூப் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதையே காட்டினாங்க. கலிபோர்னியாவின் சான் டியகோ, நெவாடாவின் ரீனோவுக்கு மேற்கே இருப்பதாகத்தான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ரீனோதான் மேற்கு.

இந்தத் தப்பை கம்ப்யூட்டரைச் செய்ய வைக்க முடியுமா? அங்கேதான் பி. சந்திரசேகரன் வருகிறார். 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. முடித்தவர், 1969லிருந்து ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சி. அந்தக் காலத்து ஏ.ஐ.யில் சிந்தனை என்றாலே வாக்கியங்கள், விதிகள். நாம யோசிக்கும்போது படமும் போடுறோமே, அது எங்கே போச்சு என்பது அவருடைய கேள்வி.

ரயிலை எடுத்துக்கலாம். சென்னையிலிருந்து போனா திருவள்ளூருக்கு அப்புறம் அரக்கோணம், அதுக்கு அப்புறம் திருத்தணி. அப்போ திருவள்ளூருக்கு அப்புறம்தான் திருத்தணியா? வாக்கியமா மட்டும் வைத்திருக்கிற ப்ரோக்ராமுக்கு, 'அ-வுக்குப் பின் ஆ, ஆ-வுக்குப் பின் இ என்றால் அ-வுக்குப் பின் இ' என்று ஒரு விதியைத் தனியா எழுதிக் கொடுக்கணும். ஒரு கோட்டில் மூணு புள்ளி வச்சீங்கன்னா பதில் கண்ணுக்கு முன்னாடியே இருக்கு. யாரும் விதி எழுத வேண்டாம்.

சந்திரசேகரன் குழு கட்டிய அமைப்பில் படம் என்பது போட்டோ இல்லை. புள்ளி, வளைகோடு, பரப்பு என்று மூணே வகைப் பொருட்கள். கூடவே ரெண்டு வகை ஃபங்ஷன்கள். 'இது அதுக்குள்ள இருக்கா, இடது பக்கமா' என்று பார்ப்பதற்கு ஒண்ணு, புதுசா வரைவதற்கு இன்னொண்ணு. அவரும் உன்மேஷ் குருப்பும் இதை சோர் என்ற பழைய அறிவு மாடலோடு இணைத்தாங்க. அதுக்குப் பேர் பைசோர். வார்த்தை, படம் ரெண்டிலும் நினைவு வச்சுக்கிற மாடல். (அவரிடம் பிஎச்.டி. செய்த அசோக் கோயல் பிறகு ஜார்ஜியா டெக்கில் ஒப்புமை பக்கம் போனார். ஒரு பழைய டிசைனை எடுத்து புதுப் பிரச்சினைக்கு மாற்றுவது எப்படி என்பது அவருடைய ஏரியா. அதுக்கு ஒரு முழு எபிசோடு வேணும்.)

பைசோரை வைத்து சான் டியகோ விஷயத்தையும் அலசினாங்க. அதில் எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். ஒரு மாடல் மனுஷன் மாதிரியே தப்பு செய்தால், உடனே 'மூளையின் அமைப்பே இப்படி' என்று சொல்லத் தோணும். அவசரப்படாதீங்க என்கிறார்கள் இவர்கள். அமைப்பு காரணமா இருக்கலாம். அதில் என்ன சேமிச்சு வச்சிருக்கோம், எந்த வழியில் யோசிக்கிறோம் என்பதும் காரணமா இருக்கலாம். நம்ம வேலையில் சொன்னா, பக் கோடில் இருக்கா, டேட்டாவில் இருக்கா? ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காம ரிப்போர்ட் எழுதக் கூடாது.

எனக்கு இது புரிஞ்சது பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்த தாத்தாவால். அதே கேள்வியை அவர்கிட்ட கேட்டேன். "குப்பமா? அது கீழே இல்ல இருக்குது!" என்று உடனே சொல்லிட்டார். எப்படி தாத்தா என்றால், படியில் விரலால் கோடு போட்டார். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, அங்கிருந்து பெங்களூர் லைனில் திரும்பினா குப்பம். விரல் தெற்கேயும் மேற்கேயுமா போய்க்கிட்டே இருந்தது. அவரும் படம்தான் போட்டார். ஆனா என் படம் எல்லைக்கோட்டால் ஆனது, அவருடையது தண்டவாளத்தால் ஆனது.

அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த எல்லைக்கோடு இங்கே இல்லவும் இல்லை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தது. அதுவரைக்கும் திருத்தணி, குப்பம் ரெண்டுமே ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். 1955ல் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா, என் ரெண்டு பெட்டி ட்ரிக் எதுக்கும் உதவியிருக்காது. ரெண்டு புள்ளியும் ஒரே பெட்டிக்குள்ள!

உங்க ஊர்ப் பக்கம் இப்படி ஏமாத்துற ஜோடி ஏதாவது இருந்தா அனுப்புங்க. ஓசூர்க்காரங்க, களியக்காவிளைக்காரங்க, உங்களைத்தான் சொல்றேன்.